அடுப்படிக்கு ஒரு விளக்கு

வீட்டுக்கு விளக்கு வாங்குவதும் ஒரு விஷயமா, அதைப்பற்றி ஒரு கட்டுரை வேறு எழுத வேண்டுமா என்று வாசகர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நாமும் சென்ற தை மாதம் வரையில் அவ்விதமே எண்ணியிருந்தோம். கடைக்குப் போவது, பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் விலையைப் பார்ப்பது, கடைக்காரர் ஏற்றிக் காட்டினால் கண் கூச நின்று தலையசைப்பது, பணத்தைக் கொடுத்து வாங்கி வருவது. இதற்குமேல் ஆராய்வதற்கு அதில் என்ன இருக்கிறது? அந்த எண்ணம் பிழையென்பதை எமக்கு உணர்த்தியது ஒரு வெண்டைக்காய். அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறோம்.

எமது இல்லம் சிரம்பானுக்கு வெளியே, முன்னொரு காலத்தில் இரப்பர்த் தோட்டமாயிருந்து பின்னர் வீடமைப்பு நிலமாக மாறிய ஓரிடத்தில் இருக்கிறது. ஒரு கூடம், மூன்று அறைகள், பின்புறம் நீட்டிக் கட்டிய சமையற்கட்டு. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர் ஆயிரக்கணக்கானோர் இந்நாட்டில் வாழ்ந்துவரும் அதே அச்சில் வார்த்த வரிசை வீடுதான். சென்ற ஆண்டு எமது புதல்வன், கூடத்தைப் புதுப்பித்தே தீரவேண்டுமென்று பிடிவாதம் செய்து, வெண்பலகையால் மேல்தளம் அமைத்து, அதில் வட்ட வட்டமாகப் பதிக்கும் விளக்குகள் எட்டும், நடுவிலே ஒரு தொங்கு விளக்கும், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் நீல ஒளி வீசும் நாடா விளக்கொன்றும் வைத்தான். வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். நாமும் பூரித்தோம். சமையற்கட்டுக்கு என்ன செய்யலாம் என்று ஒயர்மேன் கேட்டபோது, "அங்கே இருப்பது போதும், அங்கே யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்று சொன்னவர் வேறெவருமல்லர், நாமேதான்.

அங்கே பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். எமது தமக்கையார் கணவரை இழந்தபின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எம்முடன் இருந்து வருகிறார்கள். வயது எழுபத்து நான்கு. வேலை செய்ய வேண்டாமென்று எமது மனைவி எத்தனையோ முறை தடுத்தும், காய் நறுக்குவதையும் அரிசி களைவதையும் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. தைப் பொங்கலுக்கு மறுநாள் மாலை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டார்கள். காயம் பெரிதன்று. ஆனால் அதே மாதத்தில் அது மூன்றாவது காயம். "கண்ணு மங்கிப் போச்சுடா தம்பி, வேறொன்றுமில்லை" என்று துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கத்தியை எடுத்தார்கள்.

கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். புரை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அறுவைக்கு அவசரமில்லை என்றார் அவர். பிறகு எமது பக்கம் திரும்பி, "இவர்கள் எந்த வெளிச்சத்தில் வேலை செய்கிறார்கள்?" என்று வினவினார். இருபது வயதுடையவரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுடையவரின் விழித்திரையை எட்டுகிறதாம்; பாவை சுருங்கிவிடுகிறது, கண்ணின் வில்லை மஞ்சளித்து விடுகிறது. ஆகையால் இளையவர்க்குப் போதுமான விளக்கு முதியவர்க்கு அரையிருட்டாகவே இருக்கும் என்றார். அவர் கேட்ட கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. எட்டு வட்ட விளக்குகளின் வாட் கணக்கை வாய்ப்பாடாக ஒப்புவிக்கக்கூடிய நாம், சமையற்கட்டில் எரிவது எத்தகைய விளக்கென்று அறியாதவராயிருந்தோம்.

அன்றிரவு ஏழரை மணிக்கு, வீட்டில் எவரும் காணாத வேளை பார்த்து, அக்கா நிற்குமிடத்தில் போய் நின்றோம். வாசகர்களும் தத்தம் வீட்டில் ஒருமுறை அவ்விதம் நின்று பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். சமையற்கட்டின் மேல்தளத்தின் நடுவிலே ஒரு வட்டக் குழல் விளக்கு. அடுப்பும், காய் நறுக்கும் மேடையும், பாத்திரம் கழுவும் தொட்டியும் சுவரோரமாக இருக்கின்றன. மேடையை நோக்கி நின்றால் விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. நறுக்கும் பலகையின்மேல் விழுவது ஒளியன்று. எமது தலையும் தோளும் சேர்ந்த நிழல். அறை முழுதும் வெளிச்சம். கத்தியும் விரலும் சந்திக்கிற அந்த ஒரு முழ இடத்தில் மாத்திரம் இருட்டு. இருபது ஆண்டுகளாக எமது தமக்கையார் தமது நிழலிலேயே நின்று சமைத்து வந்திருக்கிறார்கள். அதை உண்டுவிட்டு உப்புக் குறைவு என்றும் கல் அகப்பட்டது என்றும் சொல்லியிருக்கிறோம்.

நிற்க. இது எமக்குப் புதிய காட்சியன்று என்பது அங்கே நின்றிருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

நாம் பிறந்து வளர்ந்தது லிங்கி ஆற்றுப் பக்கத்திலிருந்த ஒரு தோட்டம். பெயர் சொல்ல வேண்டுவதில்லை. அந்நாளில் போர்ட்டிக்சன், ரந்தாவ், சிலியாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் ஒன்றைப் பார்த்தவர் மற்றொன்றையும் பார்த்தவரே. லயத்தில் எமக்கு ஓர் அறை, முன்னே திண்ணை, பின்னே அடுப்படி. விளக்குகள் இரண்டு. கண்ணாடிக் கூண்டு போட்ட மண்ணெண்ணெய் விளக்கொன்று. மற்றது பால் டின்னில் துளையிட்டுத் திரி செருகிய தகர விளக்கு. கண்ணாடி விளக்கு வீட்டின் முன்புறத்துக்கு, தகர விளக்கு அடுப்படிக்கு. இந்தப் பங்கீட்டை யார் செய்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை. தகர விளக்குக்குக் கூண்டு இல்லையாதலால் காற்றில் அலையும். வெளிச்சத்தைக் காட்டிலும் புகையே மிகுதியாகத் தரும். அடுப்படிச் சுவரும் தகரக் கூரையும் கரிபிடித்துக் கிடக்கும். தீபாவளிக்கு முன் சுண்ணாம்பு அடித்த இரண்டு வாரங்களுக்கு அதே விளக்கு இருமடங்கு பிரகாசமாயிருப்பதாகத் தோன்றும். அது தோற்றமன்று, உண்மைதான் என்று பிற்காலத்தில் அறிந்தோம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கைத் திருப்பித் தந்துவிடும். கரிச் சுவர் அனைத்தையும் விழுங்கிவிடும். விளக்கு வாங்கக் காசில்லாதவனுக்கும் ஒரு வாளிச் சுண்ணாம்பு பாதி விளக்கு. இதை அன்றே எவரேனும் எமக்குச் சொல்லியிருந்தால், தீபாவளியை எதிர்பாராமல் மாதந்தோறும் அடுப்படிக்கு அடித்திருக்கலாம்.

விடியற்காலம் நாலரை மணிக்குத் தோட்டம் விழித்துக்கொள்ளும். மரத்தின் உள்ளே நீரழுத்தம் விடியலுக்கு முன்னரே மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்க, அழுத்தம் தளர்ந்து பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆதலால் பால்மரம் வெட்டுகிறவர் சூரியனை முந்த வேண்டும். எமது தந்தையார் கண்ணாடி விளக்கைத் திண்ணையில் வைத்துக்கொண்டு பால்கத்தி தீட்டுவார். தாயார் அடுப்புத் தீயின் வெளிச்சத்திலேயே சோறு வடித்து, மங்குக்குள் விழுந்தது தேயிலையா தூசியா என்று விரலால் தடவிப் பார்த்து, பெரட்டுக்கு ஓடுவார்கள். பின்னாளில் நெற்றியிற் கட்டும் விளக்கு வந்தது. வெட்டுகிறவரின் பார்வை போகுமிடத்துக்கெல்லாம் ஒளியும் கூடவே போகும். கத்தி முனையில் நிழலே விழாது. மரத்துக்கு எவ்வளவு ஆழம் வெட்டலாம், பட்டை எங்கே முடிகிறது என்று அறியவேண்டியது முதலாளிக்கு இலாபமாதலால், அந்த வேலைக்கு ஏற்ற வெளிச்சம் இன்னதென்று தோட்டத்தில் ஆராய்ந்து வைத்திருந்தார்கள். சோறாக்குகிற கைக்கு என்ன வெளிச்சம் வேண்டுமென்று ஆராய்ந்தவர் ஒருவருமில்லை.

இரவு ஏழு மணிக்கு மேல் கண்ணாடி விளக்கு எமது படிப்புக்கு வரும். மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைப்பார்கள். பெட்டிக்கு ஒருபுறம் நாம், மறுபுறம் அக்கா. எம்மைவிட அக்காவுக்கு மூன்று வயது அதிகம். எம்மைவிடப் படிப்பிலும் கெட்டிக்காரி. கணக்கை எமக்குச் சொல்லிக்கொடுத்தவர் வாத்தியார் அல்லர், அக்காதான். ஆயினும், "பையன் படிக்கட்டும்" என்று தாயார் விளக்கை எமது பக்கமாக நகர்த்தி வைப்பார்கள். எமது புத்தகத்துக்கும் விளக்குக்கும் ஓரடி, அக்காவின் புத்தகத்துக்கும் விளக்குக்கும் இரண்டடி. அந்த ஓரடி வேற்றுமை என்னவென்று அப்போது எவருக்கும் தெரியாது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பது பௌதிக விதி. தூரம் இருமடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, நாலில் ஒரு பங்காகிவிடும். சிரம்பானில் இடைநிலைப் பள்ளியில் இந்த விதியை நாம் நெட்டுருச் செய்து மதிப்பெண்ணும் பெற்றோம். மண்ணெண்ணெய்ப் பெட்டிக்கு மறுபுறம் இருந்த புத்தகம் அன்று எமது நினைவுக்கு வரவேயில்லை.

அக்கா ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள். வாத்தியார் லயத்துக்கே வந்து தந்தையாரிடம் பேசிப் பார்த்தார். பட்டணத்துப் பள்ளிக்குப் பேருந்துக் கட்டணம் ஒரு பிள்ளைக்குத்தான் கட்டும் என்று தந்தையார் சொன்னார். அது பொய்யன்று. பால்வெட்டுக்காரன் வீட்டுக் கணக்கு அந்நாளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு பிள்ளை யார் என்பதைக் கணக்கு தீர்மானிக்கவில்லை. விளக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் அது முன்னமே தீர்மானமாகியிருந்தது. அக்கா புல்வெட்டுக்குப் போனார்கள், பிறகு பால்வெட்டுக்கு.

எண்ணெய் விளக்கைக் குறை கூறிக்கொண்டே போவதும் நியாயமன்று. தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கலியாணத்திலும் காஸ் விளக்கு ஏற்றும் காட்சியை மறந்தவர் யார்? பெர்லின் நகரத்தில் 1910 ஆம் ஆண்டளவில் தோன்றிய பெட்ரோமாக்ஸ் விளக்குத்தான் நம் தோட்டங்களில் காஸ் விளக்கு என்று பெயர் பெற்றது. அதில் வலைபோல் தொங்குமே மேன்டில், அதை ஆஸ்திரிய நாட்டு அறிஞர் அவுவர் கண்டுபிடித்தார். 1885 ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமை பெற்றார். அவ்வலைக்கு வேண்டிய தோரியம் என்னும் பொருளுள்ள கனிமம், 1909 இல் செர்மானியர் ஒருவரால் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் கண்டறியப்பட்டது. இன்று தமிழ்நாட்டுக் குமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சியில் அந்த மணல் தோண்டப்பட்டது. நம் கரையிலிருந்து போன மணல் செர்மனியில் வலையாகிக் கப்பலேறிப் போர்ட்டிக்சன் பக்கத்து மாரியம்மன் திருவிழாவில் எரிந்திருக்கக்கூடும் என்பதை நினைக்கும்போது எமக்கு ஒரு விநோத மகிழ்ச்சி உண்டாகிறது. மழை பெய்த மறுநாள் ஈசல் மொய்க்கும்; விளக்கின் கீழே தண்ணீர்த் தட்டு வைத்து அவற்றை விழச்செய்வது சிறுவர்களாகிய எமது உத்தியோகம்.

அறுபதுகளின் இறுதியில் எமது தோட்டத்துக்கு எஞ்சின் விளக்கு வந்தது. இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை எட்டாது. அந்த இடைவெளியில் நாற்பது வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். இரு குடும்பங்களுக்கும் அதுவே. மாலை ஆறரைக்கு எஞ்சின் ஓடும், இரவு பத்துக்கு நிற்கும். நிற்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும்; அவரவர் பாயை விரித்துக்கொள்ள வேண்டும். மேட்டு மேலிருந்த துரை பங்களாவில் மாத்திரம் விடியும்வரை எரியும். நாட்டில் மத்திய மின்சார வாரியம் 1949 செப்டம்பர் முதல் தேதியிலேயே நிறுவப்பட்டுவிட்டது. 1965 இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறியது. எழுபதுகளில் போர்ட்டிக்சன் கடற்கரையில் பெரிய மின்நிலையமே எழுந்தது. அங்கிருந்து புறப்பட்ட கம்பிகள் இரும்புக் கோபுரங்களின்மேல் ஏறித் தோட்டங்களின் தலைக்கு மேலாகக் கோலாலம்பூர்ப் பக்கம் போயின. கீழே லயத்தில் பத்து மணிக்கு இருட்டு. தோட்ட முதலாளி தொழிலாளர் வீட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்தாகவேண்டும் என்று 1990 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதற்குள் அந்த லயத்திலிருந்த பாதிப்பேர் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், நாமும் போயிருந்தோம்.

எஞ்சின் விளக்கு வந்தபோதும் அடுப்படிக்கு அந்தத் தகர விளக்கே இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் பிழையாகும்.

1996 ஆகஸ்டு 3 ஆம் தேதி தீபகற்பம் முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று அக்கா எமது வீட்டுக்கு விருந்தாக வந்திருந்தார்கள். நாங்கள் மெழுகுவத்தி எங்கே, தீப்பெட்டி எங்கே என்று ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருக்க, அக்கா ஒன்றும் நடவாதது போல் இருட்டிலேயே குழம்பைத் தாளித்து இறக்கினார்கள். கடுகு வெடிக்கும் ஓசையும் வெங்காயம் சிவக்கும் வாசனையும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. அன்றைக்கு அதை நாம் ஒரு திறமையென்று வியந்து, பல பேரிடம் சொல்லிப் பெருமையும் பட்டோம்.

இனி, வைத்தியரின் கேள்விக்கு விடை தேடிய கதை. பல நாள் படித்தும், கேட்டும், டார்ச்சு விளக்கைக் கையிற் பிடித்து அங்குமிங்கும் அடித்துப் பார்த்தும் அறிந்ததைச் சொல்லுகிறோம். நம்மவர் விளக்கை வாட் கணக்கால் அளக்கிறோம். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரத்தின் அளவேயன்றி, தரும் ஒளியின் அளவன்று. ஒளியின் அளவுக்கு லூமென் என்று பெயர். எமது லயத்துத் தகர விளக்கு ஏறத்தாழப் பத்து லூமென் தந்திருக்கும். அந்த நாற்பது வாட் பல்பு நானூறு. இக்காலத்து எல்.இ.டி. விளக்கு ஒன்பது பத்து வாட் தின்றே எண்ணூறு லூமென் தந்துவிடுகிறது. பழைய அறுபது வாட் பல்புக்கு அது ஈடு. பழைய பல்பு தான் தின்றதிற் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்கியது. ஆகையால் இந்நாட்டில் 2014 முதல் அதை விலக்கிவிட்டார்கள். நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த, சப்பானில் பிறந்த அறிஞர் மூவருக்கு அதே 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் கிடைத்ததனால்தான், அதன்மேல் மஞ்சள் ஒளிரும் பொடியைப் பூசி வெள்ளொளி பெற முடிந்தது.

எத்தனை லூமென் என்பதைவிட, அது எங்கே விழுகிறது என்பதே பெரிது. எமது கூடத்தில் எட்டு விளக்குகள் சேர்ந்து தரையிலுள்ள பளிங்குக் கற்களை ஜொலிக்கச் செய்கின்றன. அக்கற்களை நறுக்கிச் சமைப்பார் ஒருவருமில்லை. கூடத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு சதுர மீட்டருக்கு நூறு நூற்றைம்பது லூமென் விழுந்தால் போதும். படிக்கும் மேசைக்கும் காய் நறுக்கும் மேடைக்கும் முந்நூறுக்குக் குறையாமல் வேண்டும், முதிய கண்ணுக்கு இன்னும் அதிகம் வேண்டும். நம் வீடுகளில் இக்கணக்கு தலைகீழாகக் கிடக்கிறது. விருந்தாளி வரும் இடம் பகல்போல். வேலை நடக்கும் இடம் அந்திபோல். வேலை செய்கிறவர் தலைக்கு முன்னால், அதாவது மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு குச்சி விளக்கைப் பொருத்திவிட்டால் நிழல் பின்னாற் போய்விடும். கண்ணுக்கு நேரே படாமல் முன்விளிம்பில் ஒரு மறைப்பு இருத்தல் வேண்டும். ஐந்து வாட் விளக்கு அது. நாள்தோறும் நாலு மணி நேரம் எரித்தாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்டுகூட ஆகாது. 2025 ஆம் ஆண்டு நடுப்பகுதிவரை வழக்கிலிருந்த முதற்படிக் கட்டணமாகிய 21.8 காசு வீதம் கணக்கிட்டால், மாதம் 13 காசு! இருபது ஆண்டு நிழலின் விலை மாதம் பதின்மூன்று காசு என்று கணக்குத் தாளில் எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தோம்.

நிறத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியின்மேல் 2700, 4000, 6500 என்று எண்ணும், பக்கத்தில் கே என்னும் எழுத்தும் இருக்கும். எண் குறைந்தால் விளக்கு மஞ்சள், மிகுந்தால் நீலங்கலந்த வெள்ளை. வெக்கையான நாடாதலால் நம் மக்கள் குளிர்ச்சியாகத் தோன்றும் 6500-ஐயே எல்லா அறைக்கும் வாங்கிவிடுகிறார்கள். வேலைக்கு அது கூடாதென்று சொல்லமாட்டோம். ஆனால் படுக்கையறைக்கு அது ஆகாது. கண்ணில் பார்ப்பதற்கென்றன்றி, பகலா இரவா என்று உடம்புக்கு அறிவிப்பதற்கென்றே ஒருவகை அணுக்கள் இருப்பதை 2002 ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர். அவை நீல ஒளிக்கே மிகுதியாக மசியும். இரவு பதினொரு மணிக்கு நீலவெள்ளை விளக்கின் கீழிருப்பவனின் உடம்பு இன்னும் பொழுது சாயவில்லை என்றே எண்ணிக்கொண்டிருக்கும். முதியோர் அறைக்கும், அங்கிருந்து குளியலறைக்குப் போகும் வழிக்கும், தரையோரமாக மங்கிய மஞ்சள் விளக்கொன்று இரவெல்லாம் எரிதல் நல்லது. குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நம் தாமானிலேயே நாலைந்து பேரை அறிவோம். வாசற்புறத்துக்கும் மஞ்சளே மேல். பூச்சிகள் நீல ஒளியை நாடி வருமளவுக்கு மஞ்சளை நாடி வருவதில்லை.

விளக்கின் ஒளியில் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பது வேறொரு குணம். அதற்கும் ஓர் எண் உண்டு. எண்பதுக்குக் குறைந்ததைச் சமையற்கட்டுக்கு வாங்கலாகாது. இதைச் சந்தையிலுள்ள இறைச்சிக் கடைக்காரர் நம்மைவிட நன்றாக அறிவார். சிவப்புக் கூண்டுக்குள் விளக்கை வைத்து, நேற்றைய இறைச்சியை இன்றைய இறைச்சியாகக் காட்டுவார்.

சிரம்பானில் எமக்குப் பழக்கமான சீனர் ஒருவரின் மின்சாரக் கடையில் குச்சி விளக்கு வாங்கப் போனோம். அவர் பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பாசாக்கடை வைத்திருந்தவரின் மகன்; தமிழ் சரளமாகப் பேசுவார். ஐந்து வாட் விளக்கு இரண்டு வேண்டுமென்றதும், "என்ன சார், ஹாலுக்கு இது பத்தாதே" என்றார். அடுப்படிக்கு என்றோம். அவர் சிறிது நேரம் எம்மைப் பார்த்துவிட்டு, "எங்கள் கடையில் அடுப்படிக்கு விளக்கு கேட்டு வந்த ஆம்பிளை நீங்கள்தான், மற்றவர்களெல்லாம் ஹாலுக்கு, கார் நிறுத்துமிடத்துக்கு, சாமி அறைக்கு" என்றார். அவர் அதைப் புகழ்ச்சியாகச் சொன்னார். எமக்கு அது புகழ்ச்சியாகக் கேட்கவில்லை.

இன்றும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் லயங்கள் உண்டு. நம்மவர் குறைந்து, இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அவற்றில் இருக்கிறார்கள். சென்ற மாதம் பழைய நண்பர் ஒருவரைக் காண அத்தகைய ஓரிடத்துக்குப் போயிருந்தோம். மின்சாரம் இருபத்து நாலு மணி நேரமும் இருக்கிறது. முன்னறையில் குழல் விளக்கு எரிந்தது. பின்புறம் எட்டிப் பார்த்தோம். ஒருவர் கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்து, அதன் டார்ச்சு வெளிச்சத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். தோட்டத்து நிர்வாகம் சட்டப்படி மின்சாரம் கொடுத்துவிட்டது. அது எந்த அறைவரை போகவேண்டுமென்று கேட்பவரில்லை.

விளக்குப் பொருத்த ஒயர்மேன் அரைமணி நேரமே எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. "ஐயையோ, சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு! இத்தனை நாள் இதையா வைத்துக்கொண்டிருந்தோம்?" என்று இரண்டு நாள் முழுதும் சவர்க்கார நீரைக் கரைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை குறைப்பதற்கென்று வைத்த விளக்கு வேலையை மிகுவித்துவிட்டதே என்று எமது மனைவி எம்மைக் கடிந்துகொண்டாள். மூன்றாம் நாள் அரிசியில் கல் பொறுக்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பதைக் கண்டோம். அதன்பின் விரலில் துணி சுற்றியிருக்கக் காணவில்லை.

ஒரு வாரம் கழிந்தது. இரவு ஒன்பது மணியிருக்கும். கூடத்தில் எட்டு விளக்குகளும் எரிய, பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்கச் சமையற்கட்டுக்குப் போனோம். நடு விளக்கு அணைந்திருந்தது. மேடைக்கு மேலிருந்த குச்சி விளக்கு மாத்திரம் எரிந்தது. அதன் கீழே முக்காலியைப் போட்டுக்கொண்டு, வெங்காயம் சுற்றி வந்த பழைய தமிழ்ச் செய்தித்தாளை மேடைமேல் விரித்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி அக்கா படித்துக்கொண்டிருந்தார்கள். வாய் முணுமுணுத்தது. எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்று எமக்குத் தெரியவில்லை. என்ன படிக்கிறீர்கள் என்று கேட்க எண்ணி, அருகிற் போய்த் தோளுக்கு மேலாகக் குனிந்தோம்.

அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்கள்: "கொஞ்சம் தள்ளி நில்லுடா தம்பி, வெளிச்சத்தை மறைக்கிறே."